நாம் எழுதிய ஆப்பை நம் போனில் போட யாரைக் கேட்க வேண்டும்?

கொங்கு_நிரலன் · ஞாயிறு, இரவு 9.14

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் முப்பத்தெட்டு பேர் ஒன்றாகப் பால் ஊற்றுகிறார்கள். காலையில் எத்தனை லிட்டர், மாலையில் எத்தனை, கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) எவ்வளவு என்று எழுதி வைத்துப் பத்து நாளைக்கு ஒரு முறை கணக்கு முடிப்பார்கள். நோட்டில் கூட்டல் தப்பும், சண்டை வரும். 2020 ஊரடங்கில் சும்மா இருந்தபோது இதற்கென்றே ஓர் ஆண்ட்ராய்டு ஆப் எழுதினேன். ஒரே திரை, இணையம் வேண்டாம், விளம்பரம் கிடையாது. ஏபிகே கோப்பை (ஆப்பை நிறுவுகிற கோப்பு) வாட்ஸப்பில் அனுப்பினால் அவரவர் வீட்டுப் பிள்ளைகள் போனில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இன்று வரை ஓடுகிறது.

ப்ளே ஸ்டோரில் ஏற்றச் சொல்லிச் சிலர் சொன்னார்கள். முப்பத்தெட்டு பேருக்கு எழுதியதை வைத்து உலகத்துக்கு எதற்குக் கடை விரிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

2025 ஆகஸ்ட் 25 அன்று கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கூகுளின் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில், தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிந்துகொண்டவர் எழுதிய ஆப்பைத்தான் இனி நிறுவ முடியும். ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வருகிற ஆப்புக்கும் இதே விதி. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் ஆரம்பம். 2027 முதல் மற்ற நாடுகள், அதாவது நாமும்.

போனுக்குக் காசு கொடுத்தது பால்காரர். ஆப் எழுதியது நான். இரண்டு பேரும் ஒரே தெரு. இதில் மூன்றாவதாக ஒருவரிடம் ஏன் பெயர் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. பதிந்துவிடலாமா, வெப் ஆப்பாக மாற்றி எழுதலாமா, வேறு வழி இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எறும்பு · ஞாயிறு, இரவு 9.31

ஆதார் கார்டை நீட்டு ராசா, பாலை அப்புறம் கறக்கலாம்.

நெல்லைத்தென்றல் · ஞாயிறு, இரவு 10.05

இந்த மன்றத்தில் எல்லோரும் ஒரே பக்கம் பேசுவீர்கள் என்று தெரியும். அதனால் மறுபக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். போன வருடம் அவர் கூட வேலை பார்த்தவரின் எண்ணில் இருந்து வாட்ஸப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. படமும் இல்லை, பிடிஎஃப்பும் இல்லை. ஏபிகே. அந்த நண்பரின் வாட்ஸப் ஏற்கெனவே வேறு யாரோ கையில் இருந்திருக்கிறது. அப்பா தொட்டார். போன் ஏதேதோ கேட்டது. எல்லாவற்றுக்கும் ‘சரி’ அழுத்தினார். மெசேஜ் படிக்கிற அனுமதியும் அதோடு போய்விட்டது. அன்று ராத்திரிக்குள் இரண்டு தவணையாக 86,000 ரூபாய். ஓடிபி எல்லாம் அவன் கைக்கே போயிருக்கிறது. சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்ததில் 31,000 மட்டும் நடுவழியில் முடக்கப்பட்டுத் திரும்பி வந்தது.

அந்த ஏபிகேவை எழுதியவனுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. அவனைப் பெயர் சொல்ல வைத்தால் எனக்கு மகிழ்ச்சிதான். உங்கள் பால் கணக்கு நல்ல வேலை அண்ணா, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் ஆப்பும் அந்தப் பத்திரிகையும் என் அப்பா போனுக்குள் ஒரே கதவு வழியாகத்தான் வருகின்றன.

கொங்கு_நிரலன் · ஞாயிறு, இரவு 10.22

படிக்கவே கஷ்டமாக இருக்கிறதம்மா. எங்கள் பால்காரர்களில் பாதிப் பேர் உங்கள் அப்பா மாதிரிதான். ‘எதையும் தொடாதீர்கள்’ என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அதே வாயால் ‘நான் அனுப்புவதை மட்டும் தொடுங்கள்’ என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் உள்ள அபத்தம் எனக்கே தெரிகிறது.

பழைய_பூட்டு · திங்கள், காலை 6.40

காலை காபியோடு எழுதுகிறேன், நீளும்.

நிரலன் கேட்கிற கேள்வி நமக்குப் புதிது கிடையாது. 2010, 2011 வாக்கில் ஆண்ட்ராய்டு போன் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும்: பல போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கிய பொருளில் அம்மா அனுப்பிய செய்தியைப் படிக்க முடியாது. எழுத்துருவைப் போட்டுக்கொள்ளலாம் என்றால் அது சிஸ்டம் அடைவுக்குள் இருக்கிறது, கை வைக்க விடமாட்டார்கள். ரூட் பண்ண வேண்டும், அதாவது போனின் முழு அதிகாரத்தையும் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ரூட் பண்ணி, எழுத்துருக் கோப்பை மாற்றி வைத்தால் எழுத்து வரும். ஆனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்! அதையும் சகித்துக்கொண்டு படித்தோம். ரூட் செய்யத் தைரியம் இல்லாதவர்களுக்கு ஓபரா மினி பிரவுசர். முகவரிப் பட்டையில் ஓபரா:கான்ஃபிக் என்று அடித்து, கடைசியில் இருக்கும் பிட்மேப் எழுத்துரு வசதியை ‘ஆம்’ என்று மாற்றினால் தமிழ்ப் பக்கங்கள் படமாக வந்து இறங்கும். இந்த ஒரு தந்திரத்தைச் சொல்லிக் கொடுத்தே நான் எங்கள் தெருவில் பெரிய ஆளாகிவிட்டேன்.

ஐபோன் கதை இன்னும் மோசம். 2014இல் ஐஓஎஸ் 8 வருகிற வரைக்கும் வெளியார் எழுதிய விசைப்பலகை எதுவும் உள்ளே நுழைய முடியாது. செல்லினம் என்ற தமிழ் எழுதும் ஆப்பைத் திறந்து, அதற்குள்ளேயே தட்டி, நகலெடுத்து, வேறு இடத்தில் கொண்டுபோய் ஒட்ட வேண்டியிருந்தது. செய்து கொடுக்க ஆள் இருந்தது, கேட்கிறவனும் இருந்தான். நடுவில் இருந்தவர் விடவில்லை, அவ்வளவுதான்.

எஃப்.லக்ஸ் தெரியுமா? ராத்திரியில் திரையை மஞ்சளாக்கிக் கண்ணுக்கு இதம் தருகிற மென்பொருள். 2015 நவம்பரில் அதைச் செய்தவர்கள், ஆப் ஸ்டோரில் இடம் இல்லாததால், ஆப் எழுதுகிறவர்களுக்கான ஆப்பிளின் எக்ஸ்கோட் வழியாக ஐபோனில் ஏற்றிக்கொள்ள ஒரு வழி செய்து கொடுத்தார்கள். ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று ஆப்பிள் சொன்னதும் எடுத்துவிட்டார்கள். 2016 மார்ச்சில் ஐஓஎஸ் 9.3 வந்தது, அதில் நைட் ஷிஃப்ட் என்ற பெயரில் அதே வசதி. நம்மைப் பூட்டி வைத்தபோது சொன்ன காரணம் ஒன்று, பிறகு அதையே புதுமை என்று மேடையில் காட்டும்போது சொல்கிற காரணம் வேறு.

அதனால் ‘பாதுகாப்பு’ என்று இவர்கள் வாயைத் திறந்தாலே எனக்குச் சந்தேகம்தான்.

நெல்லைத்தென்றல் · திங்கள், காலை 7.12

எழுத்துரு போட்டதால் யார் வங்கிக் கணக்கும் காலியாகவில்லையே பூட்டு அண்ணா. 2011இல் போனில் பணம் இல்லை. இப்போது போனே பணப்பை. பழைய கதையை வைத்து இன்றைக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

பழைய_பூட்டு · திங்கள், காலை 7.30

நியாயம். அந்த இடத்தில் நான் சறுக்கினேன்.

சரி, இன்றைய கணக்கையே பார்ப்போம். அப்பாவின் பணம் போனது ஏபிகேவுக்கு அனாமதேயமான அப்பன் இருந்ததாலா, அது மெசேஜ் படிக்கிற அனுமதியை வாங்கியதாலா?

இரண்டாவதைத் தடுக்க ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. 2024 பிப்ரவரியில் கூகுள் சிங்கப்பூரில் சோதித்துப் பார்த்தது. பிரவுசரில் இருந்தோ மெசேஜ் செயலியில் இருந்தோ கோப்பு மேலாளரில் இருந்தோ இறக்கிய ஆப், மெசேஜைப் பெறுவது, படிப்பது, அறிவிப்புகளை ஒட்டுக் கேட்பது, அணுகல்தன்மை வசதி, இந்த நான்கில் எதையாவது கேட்டால், போனில் இருக்கும் கூகுளின் காவல் வசதியான ப்ளே ப்ரொடெக்ட் அங்கேயே மறித்துவிடும். பிறகு இந்தியாவுக்கும் அது வந்தது. அப்பா விஷயத்தில் ஏன் மறிக்கவில்லை, போனில் அது அணைந்திருந்ததா என்று தெரியாமல் நான் பேச மாட்டேன். ஆனால் பூட்டு சரியான இடத்தில் தொங்குகிறது. பால் கணக்கு ஆப்புக்கு மெசேஜ் எதற்கு? அது பாட்டுக்குப் போய்விடும். பத்திரிகை ஆப் மாட்டும்.

இதை விட்டுவிட்டு ‘எழுதியவன் யார்’ என்று கேட்பது எதற்கு? பெயர் வாங்கினால் திருட்டு நின்றுவிடும் என்றால், ஆதார் காட்டி வாங்கிய சிம்மில் இருந்து திருடனின் போன் வரக் கூடாது. கேஒய்சி முடித்த கணக்குக்குள் அப்பாவின் பணம் போயிருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்குக் கணக்கை வாடகைக்கு விடுகிற ஊர் இது. டெவலப்பர் கணக்கை மட்டும் விடமாட்டானா?

எறும்பு · திங்கள், காலை 7.44

‘டெவலப்பர் கணக்கு வாடகைக்கு. நல்ல குடும்பம் மட்டும் அணுகவும்.’

நெல்லைத்தென்றல் · திங்கள், காலை 8.02

வாடகைக் கணக்கு விஷயம் சுடுகிறது. ஆமாம், அப்பா பணம் போய் விழுந்த கணக்கு ஏதோ ஒரு கூலித் தொழிலாளியின் பெயரில் இருந்தது. அவருக்கே தெரியாது.

ஆனாலும் விலை ஏறுமே. ஒவ்வொரு முறையும் புதுக் கணக்கு வாங்க வேண்டும் என்றால் அவனுக்குச் செலவு. பூட்டு போட்ட வீட்டிலும் திருடுகிறார்கள் என்பதற்காக யாரும் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குவதில்லை.

பாரிஸ்_வாசி · திங்கள், பிற்பகல் 1.20

வணக்கம். நான் பிரான்சில் இருக்கிறேன், ஐபோன் பாவிக்கிறேன். ஆண்ட்ராய்டுக்காரர்கள் இப்போதுதான் கவலைப்படத் தொடங்குகிறீர்கள். எங்களுக்கு 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்த நாளில் இருந்தே இந்தக் கதைதான். நீங்களே எழுதிய ஆப்பை உங்கள் சொந்த ஐபோனில் காசில்லாமல் ஏற்றினால் ஏழு நாளில் காலாவதி. மறுபடி கணினியில் பொருத்தி ஏற்ற வேண்டும். அப்படி வேண்டாம் என்றால் வருடம் 99 டொலர். நிரலன் அண்ணையின் பால்காரர்கள் ஐபோன் வைத்திருந்தால் இந்த ஆப் பிறந்தே இருக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் 2024 மார்ச் 7 முதல் ஆப்பிளையும் கட்டுப்படுத்துகிறது. அதற்கு இரண்டு நாள் முன்னம் ஐஓஎஸ் 17.4 வந்தது. வேறு கடைகள் வரலாம் என்றார்கள். நான் ஏப்ரலில் ஆல்ட்ஸ்டோர் பால் என்ற வெளிக்கடையைப் போட்டேன் (இந்தப் பாலுக்கும் உங்கள் பாலுக்கும் சம்பந்தமில்லை). ஆப்பிள் ஏற்றுக்கொள்ளாத கிளிப்போர்டு மேலாளர் ஒன்று அதில் இருந்தது. பின்னணியில் ஓடி, நகலெடுத்ததை எல்லாம் சேர்த்து வைக்கும். எனக்கு வேலைக்கு மிக உதவி.

ஆனால் கதவைத் திறந்தார்கள் என்று சொல்ல மாட்டேன், ஒருக்களித்து வைத்தார்கள். வெளிக்கடையில் விற்றாலும் ஆப்பிளின் பரிசோதனையில் தேற வேண்டும். புதிய நிபந்தனைகளை ஏற்றவர்கள், வருடத்தில் பத்து லட்சம் நிறுவலைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் 50 யூரோ சதம் கட்ட வேண்டும் என்று அப்போது ஒரு கட்டணம் வேறு வைத்தார்கள். ஆரம்பத்தில் இலவசமாகக் கொடுக்கிறவன் வெற்றி பெற்றால் கடன்காரன் என்ற நிலை! ஒன்றியத்துக்கு வெளியே கனகாலம் தங்கினால் வெளிக்கடை ஆப்களுக்கு அப்டேட் நின்றுவிடும் என்பதும் அவர்கள் எழுதி வைத்த விதி. யாழ்ப்பாணத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போகிறவன் போனில் எந்த மென்பொருள் இருக்கலாம் என்பதை விமானச் சீட்டு முடிவு செய்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்தச் சட்டம் வந்து ஒரு மாதத்தில், 2024 ஏப்ரல் 5 அன்று, பழைய விளையாட்டுகளை ஓட்டும் எமுலேட்டர்களை ஆப் ஸ்டோரிலேயே ஆப்பிள் அனுமதித்தது. ஐரோப்பாவுக்கு மட்டும் இல்லை, எல்லா நாட்டுக்கும். பல வருடம் முடியாது என்றது ஒரே நாளில் முடிந்தது. அதற்கு முதல் நாள் வரைக்கும் அதில் இருந்த ஆபத்து எங்கே போனது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

வழக்குமேசை · திங்கள், மாலை 6.15

நீதிமன்றம் போனால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வதற்கு முன் நானே வந்துவிடுகிறேன். தொழில் வழக்கறிஞர், ஆனால் இது சட்ட ஆலோசனை கிடையாது.

நம் நாட்டில் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று ஆண்ட்ராய்டு விஷயத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது எல்லோருக்கும் தெரியும். ஐந்து நாள் கழித்து ப்ளே ஸ்டோர் பில்லிங்குக்காக இன்னொரு 936.44 கோடி. தலைப்புச் செய்தியோடு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். முதல் உத்தரவில் அபராதத்தோடு பத்துக் கட்டளைகள் இருந்தன. ஆப் எழுதுபவர்கள் சைட்லோடு மூலம், அதாவது கடைக்கு வெளியே நேரடியாக, விநியோகிப்பதைத் தடுக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. நிரலனுக்கு வேண்டிய வரி அதுதான். 2023 மார்ச் 29 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நான்கு கட்டளைகளை ரத்து செய்தது. அந்த நான்கில் சைட்லோடு கட்டளையும் ஒன்று. பணம் நின்றது, நமக்கு வேண்டியது போய்விட்டது.

சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று. ப்ளே ஸ்டோர் கட்டணத்தை எதிர்த்துப் பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட பல நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம் என்று 2023 ஆகஸ்டில் மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. 2024 மார்ச் 1 அன்று அந்த நிறுவனத்தின் ஆப்கள் ப்ளே ஸ்டோரிலேயே இல்லை. ஒன்றிய அரசு தலையிட்ட பிறகு திரும்பி வந்தன. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அமைச்சர் பேச வேண்டியிருந்தது. பால் குழுவுக்கு யார் பேசுவார்கள்?

அமெரிக்காவில் நடந்தது இதைவிட விசித்திரம். 2020 ஆகஸ்டில் எபிக் நிறுவனம் ஃபோர்ட்நைட் என்ற தன் விளையாட்டில் சொந்தக் கட்டண வழியை வைத்தது; ஆப்பிளும் கூகுளும் ஒரே நாளில் அதைத் தூக்கின. எபிக் இருவர் மேலும் வழக்குப் போட்டது. முழுக்கப் பூட்டி வைத்திருந்த ஆப்பிள் 2021இல் பத்துக் குற்றச்சாட்டுகளில் ஒன்பதில் ஜெயித்தது. சைட்லோடு அனுமதித்த கூகுள் 2023 டிசம்பரில் ஜூரி முன்னால் தோற்றது. காரணம், கூகுள் திறந்த வீடு என்று சொல்லிக்கொண்டே போன் கம்பெனிகளோடும் ஆப் கம்பெனிகளோடும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டுக் கதவுகளை அடைத்தது ஆவணங்களில் வெளியானது. ஆப்பிள் முதலிலிருந்தே சுவர்தான் கட்டினேன் என்றது. இதில் ஒரு போன் கம்பெனி என்ன பாடம் படித்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எறும்பு · திங்கள், மாலை 6.21

ஆரம்பத்திலேயே கஞ்சனாக இரு, கோர்ட்டு உன்னை மன்னிக்கும்.

வைகைக்கரை · திங்கள், இரவு 8.50

யாரும் எங்கள் மதுரையைச் சொல்லவில்லையே என்று வந்தேன். 2019 ஏப்ரல் 3 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக்கைத் தடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. இரண்டு வாரத்தில் கூகுளும் ஆப்பிளும் கடையில் இருந்து எடுத்துவிட்டன. ஏப்ரல் 24 அன்று தடை நீங்கியது.

நடுவில் இருந்த அந்த ஒரு வாரத்தில் எங்கள் கல்லூரி விடுதியில் என்ன நடந்தது தெரியுமா? ஏற்கெனவே வைத்திருந்தவன் ஏபிகேவை ஷேர்இட்டில் அடுத்த அறைக்கு அனுப்பினான். ஆண்ட்ராய்டு வைத்திருந்தவனுக்குத் தடை வந்ததே தெரியாது. ஐபோன் வைத்திருந்த ஒரே பணக்காரப் பையன் மட்டும் எங்கள் போனை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டிக்டாக் நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. நீதிமன்றம் சொன்னதை மீறு என்றும் சொல்லவில்லை. ஒரு வாசல் மட்டும் இருந்தால், அந்த வாசலில் இருப்பவரிடம் ஒரு கடிதம் போதும். 2019 அக்டோபரில் ஹாங்காங் போராட்டக்காரர்கள் போலீஸ் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பயன்படுத்திய வரைபட ஆப்பை ஆப்பிள் எடுத்தது. 2021 செப்டம்பரில் ரஷ்யத் தேர்தல் நேரத்தில் எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி அணியின் வாக்களிப்பு ஆப்பை ஆப்பிள், கூகுள் இரண்டுமே எடுத்தன. இனி ஆண்ட்ராய்டில் வெளிவழியாக வரும் ஆப்புக்கும் கூகுளிடம் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும் என்றால், அந்தப் பட்டியலை யார் யார் கேட்பார்கள்?

நெல்லைத்தென்றல் · திங்கள், இரவு 9.10

இது எனக்கு உறைக்கிறது. பட்டியலைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

மட்டுறுத்துநர் · திங்கள், இரவு 9.25

டிக்டாக் பற்றிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.

கொங்கு_நிரலன் · திங்கள், இரவு 10.40

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. என் கேள்விக்கு வருகிறேன். வெப் ஆப்பாக மாற்றினால் என்ன? யாருமே அதைத் தொடவில்லை.

பழைய_பூட்டு · செவ்வாய், காலை 6.30

தொடாததற்குக் காரணம் இருக்கிறது, உங்கள் மனம் நோகும். ஆனாலும் சொல்கிறேன்.

தொழில்நுட்பமாக முடியும். சர்வீஸ் வொர்க்கர் (பக்கத்தைப் போனிலேயே சேமித்து வைக்கும் நிரல்) வைத்தால் இணையம் இல்லாமலும் திறக்கும், முகப்புத் திரையில் ஐகான் நிற்கும். பால்காரருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் கணக்கு எங்கே இருக்கும்? பிரவுசரின் சேமிப்பில். ‘போன் ஸ்லோவாக இருக்கிறது’ என்று எவனாவது கடைக்காரன் குரோம் டேட்டாவைத் துடைத்தால் ஐந்து வருடப் பால் கணக்கு போச்சு. அப்படியென்றால் ஒரு சர்வரில் நகல் வைக்க வேண்டும், மாதம் வாடகை, கடவுச்சொல், மறந்துவிட்டேன் என்று ராத்திரி போன். ஏபிகேவில் இந்தத் தொல்லையே இல்லை.

வெப் ஆப் என்பது யார் தயவும் இல்லாத இடம் என்றும் நினைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் ஐரோப்பாவில் முகப்புத் திரை வெப் ஆப்களையே நிறுத்தப் போவதாக ஆப்பிள் சொன்னது. எல்லோரும் கத்தின பிறகு மார்ச் 1 அன்று பின்வாங்கியது.

வழக்குமேசை · செவ்வாய், காலை 9.05

நிரலன், நீங்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயம். மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுபவர்களுக்கும் தனியாக ஒரு கணக்கு வகை வரும், குறிப்பிட்ட சில சாதனங்களுக்கு மட்டும் கொடுக்கலாம், அரசு அடையாள அட்டை வேண்டாம் என்று கூகுள் சொல்லியிருக்கிறது. அப்புறம், 2025 நவம்பரில் எதிர்ப்பு கிளம்பியதும், விஷயம் தெரிந்தவர்கள் எச்சரிக்கைகளைத் தாண்டிப் பதிவில்லாத ஆப்பையும் நிறுவ ஒரு வழி வைப்போம் என்றது. கணினியில் கேபிள் பொருத்தி ஏடிபி என்ற கருவி வழியாக ஏற்றுவதும் தொடரும்.

இது முழு வெற்றி இல்லை. எஃப்-டிராய்டு மாதிரி, பிறர் எழுதிய திறமூல ஆப்களைத் தானே தொகுத்துக் கொடுக்கிற கடைக்கு இதெல்லாம் பதில் ஆகாது. அங்கே எழுதியவர் ஒருவர், கையொப்பம் இடுபவர் இன்னொருவர், பாதிப் பேர் பெயர் சொல்ல விரும்பாதவர்கள்.

கொங்கு_நிரலன் · செவ்வாய், காலை 9.20

முப்பத்தெட்டு என்பது ‘சில’வில் அடங்குமா? இல்லை, போன வாரம் கன்று போட்ட ராமசாமி அண்ணன் வீட்டை விட்டுவிட வேண்டியதுதானா?

கேபிள் வழியை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பால் கேனோடு லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும்.

நெல்லைத்தென்றல் · செவ்வாய், பிற்பகல் 2.45

நேற்று ராத்திரி யோசித்தேன். எனக்கு உண்மையில் வேண்டியது என்ன?

அப்பா போனில் எதுவும் வெளியே இருந்து ஏறக் கூடாது. அவ்வளவுதான். அது கலிபோர்னியாவில் முடிவாக வேண்டியதில்லை. அப்பா போனில் அந்த வழியை நான் அடைத்து, கடவுச்சொல்லை நான் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு வசதி போதும். குழந்தைகள் போனுக்குப் பெற்றோர் கட்டுப்பாடு இருக்கிற மாதிரி. என் போனில் எனக்கு வேண்டுமானால் நான் திறந்துகொள்வேன். நிரலன் அண்ணன் ஊரில் அவர் திறந்து கொடுப்பார், பொறுப்பும் அவருடையது.

இப்போது வருகிற திட்டத்தில் எனக்கும் சாவி இல்லை, உங்களுக்கும் இல்லை. நான் கேட்டது அது இல்லை. ஆனால் என் அப்பா மாதிரி ஆட்களின் பெயரைச் சொல்லித்தான் அதைக் கொண்டுவருகிறார்கள். அது எனக்குக் கோபம்.

அதே சமயம் பூட்டு அண்ணா, ப்ளே ஸ்டோருக்குள்ளே எல்லாம் சுத்தம் என்று நானும் நினைக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண் கடன் ஆப்பில் மாட்டியது ஸ்டோரில் இருந்து இறக்கிய ஆப்பில்தான்.

பழைய_பூட்டு · செவ்வாய், பிற்பகல் 3.10

2022 செப்டம்பருக்கும் 2023 ஆகஸ்டுக்கும் இடையில் 2,200க்கு மேற்பட்ட கடன் ஆப்களைக் கூகுள் எடுத்ததாக நாடாளுமன்றத்திலேயே அரசு சொன்னது. அத்தனையும் பரிசோதித்து உள்ளே விட்டவை.

நீங்கள் கேட்கிற மாதிரிப் பூட்டை நானே ஆதரித்துக் கையெழுத்து போடுவேன். நான் இரண்டு நாளாகக் கத்தியதைவிட அது உருப்படியான யோசனை.

பாரிஸ்_வாசி · செவ்வாய், மாலை 5.30

பூட்லோடர் (போன் எந்த இயங்குதளத்தோடு தொடங்கலாம் என்று பார்க்கிற பூட்டு) பக்கமும் யாராவது எழுதுங்கோ. 2018இல் ஹுவாவே திறப்புக் குறியீடு தருவதையே நிறுத்தியது. அதற்குப் பிறகு வாங்கியவர்கள் கம்பெனி அப்டேட் நிறுத்தினால் போனைத் தூக்கிப் போட வேண்டியதுதான், வேறு ரோம் (இயங்குதளம்) போட வழியில்லை.

பழைய_பூட்டு · செவ்வாய், மாலை 5.48

அதற்குத் தனி இழை போடுங்கள், வந்து அழுகிறேன். ஒரு போனில் ரோம் மாற்றினேன், வங்கி ஆப் ‘இந்தச் சாதனம் பாதுகாப்பற்றது’ என்று திறக்க மறுத்தது. மூன்று வருடமாக அப்டேட்டே வராத பழைய போனில் அதே ஆப் சந்தோஷமாக ஓடியது.

கொங்கு_நிரலன் · செவ்வாய், இரவு 9.35

முடிவு சொல்கிறேன். 2027 வரை நேரம் இருக்கிறது. அந்தச் சிறு கணக்கு நம் நாட்டுக்கு எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு, முப்பத்தெட்டு போனுக்குப் போதுமென்றால் பதிந்துவிடுவேன். பிடித்துச் செய்யவில்லை, பால் நிற்கக் கூடாதே என்று செய்கிறேன். அதற்குள் கணக்கை எல்லாம் எக்செல் கோப்பாக வெளியே எடுக்கும் பொத்தான் ஒன்றை ஆப்பில் சேர்க்கிறேன். எந்தக் கதவு அடைத்தாலும் கணக்கு அவர்கள் கையில் இருக்கட்டும்.

தென்றல் சொன்னதில் இன்னொன்றும் செய்யப் போகிறேன். இனி வாட்ஸப்பில் ஏபிகே அனுப்ப மாட்டேன். பால் ஊற்றுகிற இடத்துக்கு நேரில் வந்தால் நானே போட்டுக் கொடுப்பேன். வாட்ஸப்பில் ஏபிகே வந்தால் அது என் பெயரில் வந்தாலும் தொடாதீர்கள் என்று பலகையில் எழுதி வைக்கிறேன்.

வைகைக்கரை · செவ்வாய், இரவு 10.02

நிரலன் அண்ணா, எங்கள் மாமா ஊரிலும் இதே நோட்டுச் சண்டைதான். அந்த ஆப் கிடைக்குமா? வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்களேன்.

கொங்கு_நிரலன் · செவ்வாய், இரவு 10.06

தம்பி, மேலே இருப்பதைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறாயா?

ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு கிளம்பி வா. போட்டுத் தருகிறேன். போட்டதும் ‘தெரியாத மூலங்கள்’ அனுமதியை உன் கையாலேயே அணைத்துவிட்டுப் போ.